அரைப்பேர்

2018ஆம் ஆண்டு மே மாதம். தலவாக்கலைப் பக்கம் நான் வெளிக்கள உத்தியோகத்தராக வேலை பார்க்கும் தோட்டத்தில், ஏழாம் நம்பர் மலைக்கு ஒரு காலையில் கொழுந்து பறிக்கும் இயந்திரம் வந்து இறங்கியது. பெட்ரோலில் ஓடுவது. நிரைக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாகப் பிடித்துக்கொண்டு நடந்தால், வளைந்த கத்தி செடியின் மேல்மட்டத்தைச் சீவிக்கொண்டே போகும். சீவிய கொழுந்தைக் காற்று ஊதிப் பின்னால் தொங்கும் நீளமான பைக்குள் தள்ளும். கூடையை முதுகில் போட்டபடி 24 பெண்கள் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். துரை, அதாவது தோட்ட முகாமையாளர், அன்றைக்கு நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

அவருடைய உற்சாகத்தில் நியாயம் இருந்தது. ஆள் பற்றாக்குறையால் ஏழு நாளைக்கொரு தடவை எடுக்கவேண்டிய கொழுந்தைப் பன்னிரண்டு நாளாகியும் எடுக்க முடியாமல் முற்றவிட்டுக்கொண்டிருந்தோம். இளசுகள் கொழும்புக்குக் கடைவேலைக்கும், ஆடைத் தொழிற்சாலைக்கும், வெளிநாட்டுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். இயந்திரம் ஒன்று கைகொடுத்தால் தோட்டம் பிழைக்கும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். நானும் நம்பினேன்.

ஏழாம் நம்பர் மலை பழைய விதைத் தேயிலை. ஒரு செடி இடுப்பளவு, பக்கத்துச் செடி தொடையளவு. நடுநடுவே பாறை. சரிவில் மேல் பக்கம் நிற்பவனுக்குக் கைப்பிடி முழங்காலுக்கு வந்தால், கீழ் பக்கம் நிற்பவன் அதை நெஞ்சுக்கு மேல் தூக்கிப் பிடிக்கவேண்டும். அரை மணி நேரத்தில் பை நிறைந்தது. கொட்டிப் பார்த்தால் கொழுந்தோடு காம்பும் முத்தல் இலையும் குச்சியும் பாதிக்குப் பாதி. இரண்டு இலையும் ஒரு மொட்டும் கேட்கும் ஸ்டோருக்கு, அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்கு, இதை அனுப்ப முடியாது. உடனே துரை மேட்டில் நின்ற பெண்களைக் கூப்பிட்டு, தரையில் படங்குத் துணியை விரித்துப் பொறுக்கச் சொன்னார். மத்தியானம் வரைக்கும் பொறுக்கினார்கள். பிறகு இயந்திரம் விட்டுவைத்த பள்ளத்துச் செடிகளில் கையால் எடுத்தார்கள். சாயந்திரம் நிறுக்கும்போது ஆளுக்குப் பத்து, பதினொரு கிலோ. எங்கள் தோட்டத்தில் அப்போது நாளுக்கு எடுக்கவேண்டிய அளவு 18 கிலோ.

தோட்டத்தில் "பேர்" என்றால் ஒரு நாள் சம்பளம். செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் பேர் விழுந்தால் அன்றைய சம்பளம் உண்டு. அளவு குறைந்தால் அரைப்பேர். வெளியிலிருந்து வாசிப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஒரு மனுஷியின் பெயரைப் பாதியாக்கி எழுதுவது என்பது எங்களுக்குப் பேச்சுவழக்கு அல்ல, கணக்கு. அன்று 24 பேருக்கும் அரைப்பேர் போட்டவன் நான். என் கையெழுத்து அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

அம்மா முப்பத்தாறு வருடம் கொழுந்து எடுத்தவர். ராத்திரி சாப்பிடும்போது இயந்திரம் வந்த கதையைச் சொன்னேன். எவ்வளவு விலை, எவ்வளவு வேகம், எங்கே பிசகியது என்றெல்லாம் விவரித்தேன். அம்மா ஒன்றுதான் கேட்டார். "சரி, இன்னைக்கு யாரு பேரு போச்சு?"

மேலிடத்துக்குப் போன அறிக்கையை நான்தான் தட்டச்சு செய்தேன். இயந்திரத்தின் வாடகை, பெட்ரோல், இயக்கிய நாலு பேரின் கூலி, லொறிச் செலவு. பரீட்சையின் மொத்தச் செலவு என்று ஒரு தொகை. அதில் அந்த 24 அரைப்பேர் இல்லை. அது செலவாகவே யாருக்கும் தெரியவில்லை. இந்தக் கட்டுரையை எழுத என்னை இத்தனை வருடமாகத் துரத்துவது அந்தக் காலியான வரிதான்.

*

வியாபாரத்தை நடத்துகிறவர்கள் நிச்சயமில்லாத காலத்தில் புதுமையை எப்படிக் கையாள்கிறார்கள் என்பது பற்றி நிறையப் படிப்பு உண்டு. கண்டியில் வார இறுதி முகாமைத்துவ வகுப்புக்கு இரண்டு வருடம் போனேன். சனிக்கிழமை விடியற்காலை பஸ் ஏறி, ஞாயிறு இருட்டிய பிறகு திரும்புவேன். அங்கே கேட்டதில் இரண்டு விஷயம் மனதில் தங்கிவிட்டது.

ஒன்று, ஃபிராங்க் நைட் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1921இல் பிரித்துக் காட்டியது. ஆபத்து வேறு, நிச்சயமின்மை வேறு என்றார் அவர். ஆபத்துக்குக் கணக்குப் போடலாம். பத்து வருட மழைக் கணக்கு கையில் இருந்தால், ஜூனில் எத்தனை நாள் கொழுந்து எடுக்க முடியாமல் போகும் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். நிச்சயமின்மைக்கு அப்படிக் கணக்கே கிடையாது. நாளைக்கு உரம் இறக்குமதியே நின்றுவிடும் என்று 2020இல் யார் எந்தப் புள்ளிவிவரத்தை வைத்துச் சொல்லியிருக்க முடியும்?

இன்னொன்று, அமெரிக்காவில் பேராசிரியராக இருக்கும் சரஸ் சரஸ்வதி 2001இல் எழுதியது. நிறுவனங்களைத் தொடங்கி நடத்திக் கைதேர்ந்த 27 பேரிடம் ஒரு வியாபாரப் பிரச்சினையைக் கொடுத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தீர்க்கச் சொன்னார். எவ்வளவு இலாபம் வரும் என்பதிலிருந்து அவர்கள் தொடங்கவில்லை. கையில் என்ன இருக்கிறது, எனக்கு யாரைத் தெரியும், இது பிசகினால் எவ்வளவு போனால் தாங்குவேன் என்பதிலிருந்துதான் பெரும்பாலும் தொடங்கினார்கள். தாங்கக்கூடிய நட்டம் என்பது அங்கே ஒரு பெரிய கருத்து. விரிவுரையாளர் அதைப் பலகையில் எழுதியபோது, முதலுக்கே மோசம் வராமல் பார்த்துக்கொள் என்று எங்கள் தாத்தா ஆட்டுக்குட்டி வாங்கும்போது சொல்வாரே, அதுதானே என்று நினைத்தேன்.

ஆனால் அந்த வகுப்பிலிருந்து வரும் வழியில், கினிகத்தேனை ஏற்றத்தில் பஸ் முக்கிக்கொண்டு ஏறும்போது எனக்குள் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்தது. தாங்கக்கூடிய நட்டம் சரி, யார் தாங்குவது? சொந்தக் காசைப் போட்டுக் கடை வைக்கிறவனுக்கு இந்தக் கேள்வியே இல்லை. அவன்தான் முடிவெடுக்கிறான், அவனே தாங்குகிறான். தோட்டத்தில் முடிவெடுப்பது துரையின் பங்களா, தாங்குவது தொழிலாளர் குடியிருக்கும் லயம். இரண்டுக்கும் நடுவில் என்னைப் போன்றவன் செக்ரோலோடு நிற்கிறான்.

*

இந்த மலைகளில் புதுமை என்றவுடன் எல்லோரும் சொல்லும் கதை ஜேம்ஸ் டெய்லருடையது. ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். கோப்பிதான் அன்றைக்கு ராஜா. கோப்பியைத் தின்று தீர்த்த இலைத்துரு நோய் இலங்கையில் தலைகாட்டியது 1869இல். அதாவது கேடு வருவதற்கு முன்னாலேயே அந்த 19 ஏக்கர் மண்ணில் நின்றது. பங்களா விறாந்தையில் மேசையைப் போட்டுக் கையாலேயே இலையை உருட்டி, களிமண் அடுப்பில் காயவைத்துத்தான் முதல் தேயிலை செய்தார்கள். யாரும் தோட்டத்தை முழுக்கப் பெயர்த்துப்போட்டுப் பந்தயம் கட்டவில்லை. 19 ஏக்கர் போனால் போகட்டும் என்று தாங்கக்கூடிய அளவில் வைத்திருந்தார்கள். கோப்பி சாய்ந்தபோது, தேயிலை இந்த மண்ணில் வருமா என்ற கேள்விக்குப் பதில் ஏற்கனவே தயாராக இருந்தது.

நடுவில் சிங்கோனா என்று ஒரு கதை நடந்தது, அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. காய்ச்சலுக்குக் குயினைன் எடுக்கும் மரப்பட்டை. ஹக்கல தாவரவியல் தோட்டம் 1861இல் தொடங்கியதே அதை வளர்த்துப் பார்க்கத்தான். கோப்பி விழுந்ததும் தோட்டக்காரர்கள் கூட்டமாக அதில் பாய்ந்தார்கள். பக்கத்துத் தோட்டம் போட்டதால் நாமும் போடுவோம் என்று மலை மலையாகப் போட்டார்கள். பட்டை குவிந்தது, விலை அதலபாதாளத்துக்குப் போனது. சின்னதாகத் தொட்டுப் பார்க்கிறவனுக்கும் மந்தையாகப் பாய்கிறவனுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் டெய்லர் கதையைச் சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். கோப்பித் தோட்டங்கள் சரிந்தபோது, தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி 1884இல் மூடிக்கொண்டபோது, தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்து வேலை செய்தவர்களின் சம்பளப் பாக்கி என்ன ஆனது? பலருக்கு மாதக்கணக்கில் நிலுவை நின்றது. கோப்பி பருவத்துக்குப் பருவம் ஆள் கேட்ட பயிர், வந்தவர்கள் ஊருக்குத் திரும்புவார்கள். தேயிலை வருடம் முழுக்க ஆள் கேட்டது, அதனால் குடும்பமாக வந்து லயத்தில் தங்கினோம். பயிர் மாறியது என்று வரலாற்றில் ஒரு வரியில் எழுதுவது எங்களுக்கு முழு வாழ்க்கை மாறிய விஷயம். அந்த 19 ஏக்கரைச் சுத்தப்படுத்தி நட்ட கைகளின் பெயர் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

*

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் வர்த்தமானி போட்டுத் தடை செய்தது. இயற்கை விவசாயம் நல்லது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு நாட்டையே ஒரே நாளில் பரீட்சைப் பாத்தியாக மாற்றினால், பிசகினால் ஒதுங்கி நிற்க ஒரு மலைகூட மிச்சமிருக்காது. நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். அதற்குள் செடி பட்டினி கிடந்துவிட்டது. 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் ஏறக்குறைய 25 கோடி கிலோவாக இறங்கியது. உரமில்லாத வருடத்தின் பசி அடுத்த வருடக் கொழுந்தில்தான் முழுசாகத் தெரியும்.

அதற்குள் எங்கள் தோட்டத்துக்கு வேறு துரை வந்திருந்தார். அதிகம் பேசமாட்டார். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டு நேரத்துக்குத் தானே வந்து நிற்பார். ஸ்டோரில் மிஞ்சியிருந்த உரத்தைக் கணக்குப் பார்த்தபோது, எல்லா மலைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவிப் போட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். யாருக்கும் குறை வராது என்று நினைத்தேன். அவர் மறுத்தார். "பரவிப் போட்டா எல்லா மலையும் பாதிப் பட்டினி. எந்த மலை பட்டினியைத் தாங்கும்னு பாருங்க" என்றார்.

இதற்கு விடை செடியின் வேரில் இருந்தது. பழைய விதைத் தேயிலைக்கு ஆணிவேர் உண்டு. ஆழத்தில் போய்த் தேடித் தின்னும், விளைச்சல் குறைவு என்றாலும் தாங்கும். தண்டை வெட்டி நட்டு வளர்த்த வீ.பி. தேயிலை நிறையப் பால் கறக்கும் பசு மாதிரி, தீனி குறைந்தால் உடனே வற்றிவிடும், ஆணிவேர் இல்லை. மிஞ்சிய உரம் முழுக்க வீ.பி. மலைகளுக்குப் போனது. விதைத் தேயிலைக்கு முள்முருங்கைத் தழையை வெட்டிப் போட்டோம். ஒரு நாலு ஏக்கரில் மட்டும், மாட்டுச் சாணமும் ஸ்டோர்க் கழிவும் சேர்த்து மக்கவைத்த எருவை வேறு வேறு அளவில் போட்டுக் குறித்துவைத்தோம். அந்த நாலு ஏக்கரின் குறிப்பு இன்னும் எங்களுக்கு உபயோகமாகிறது. தடை போன பிறகு உர விலை ஏறிய ஏற்றத்தில், எந்த மலைக்கு எவ்வளவு எரு கொடுத்து எவ்வளவு உரத்தைக் குறைக்கலாம் என்று கையில் ஒரு கணக்கு இருந்தது.

*

2022 பெப்ரவரி, மார்ச் மாதங்களைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. எங்கள் டிம்புள்ளப் பிரதேசத்துக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் பொன்னான காலம். பகலில் வெயில், ராத்திரியில் பனி, வறண்ட குளிர்காற்று. கொழுந்து குறைவாக வரும், வந்த கொழுந்தில் வாசம் ஏறியிருக்கும். வருடத்தின் நல்ல விலை இந்த வாரங்களில்தான். சரியாக அந்த நேரத்தில் மின்வெட்டு வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரைக்கும் போனது. ஜெனரேட்டருக்கு டீசல் கிடையாது, லொறிகள் டீசல் வரிசையில் நாள் கணக்கில் நின்றன.

ஸ்டோருக்கு வரும் கொழுந்தை முதலில் வாட்டவேண்டும். நீளமான தொட்டிகளின் மேல் வலையில் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்று விடுவார்கள். பன்னிரண்டிலிருந்து பதினெட்டு மணி நேரம் அப்படியே கிடக்கும். விசிறி நின்றால் கொழுந்து தன் சூட்டிலேயே வெந்துவிடும். மேல் இலையை விலக்கிக் கையை உள்ளே விட்டால் காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்ட மாதிரி சுடும். ஒரு ராத்திரி நான் அப்படிக் கைவிட்டுப் பார்த்தேன். விடியும்போது ஒரு தொட்டி முழுக்கச் செம்பழுப்பாக மாறி, ஆப்பிள் அழுகிய மாதிரி வாடை. அந்தத் தொட்டிக்குள் எத்தனை பேரின் ஒரு நாள் கிடந்தது என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது.

துரை அடுத்த நாள் பெரட்டில், ஸ்டோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள் யாராவது லயத்தில் இருக்கிறார்களா என்று கேட்டார். மேல் டிவிஷனில் ஒரு பெரியவர் இருந்தார். அவரைக் கூட்டிக்கொண்டு ஸ்டோரின் மேல்மாடிக்குப் போனோம். பழைய தேயிலைத் தொழிற்சாலைகள் ஏன் மூன்று நாலு மாடியாக, சுவரெல்லாம் ஜன்னலாகக் கட்டப்பட்டிருக்கின்றன என்று நீங்கள் யோசித்திருக்கிறீர்களா? தொட்டி வருவதற்கு முன்னால் மேல்மாடிகளில் சாக்குத்துணியை அடுக்கடுக்காகக் கட்டி, அதில் கொழுந்தை மெல்லிசாகத் தூவி, ஜன்னலைத் திறந்து காற்றிலேயே வாட்டினார்கள். எங்கள் மேல்மாடியில் உடைந்த பெட்டியும் பழைய பெல்ட்டும்தான் கிடந்தன. பெரியவர் உத்தரத்தைத் தடவி, துணி கட்டிய ஆணிகளைக் காட்டினார். "அதுக்கும் இதுக்கும் நடுவுல ஒரு சாண். அதுக்கு மேல வேணாம். கொழுந்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறக் கூடாது, பூ தூவுற மாதிரி தூவணும்."

துரை முதல் நாள் கட்டச் சொன்னது ஒரு தொட்டிக் கொழுந்துக்குப் போதுமான துணி மட்டும். அன்று அதைத் தூவிய பெண்களுக்குக் கிலோ பார்க்காமல் முழுப்பேர் போடச் சொல்லி, காலையிலேயே, வேலை தொடங்கும் முன்னாலேயே என்னிடம் சொன்னார். இரண்டாம் நாள், ஸ்டோரில் தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர் அந்தத் தூளை ருசி பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் இன்னொரு தடவை உறிஞ்சினார். பிறகு மூன்று தொட்டிக்குத் துணி கட்டினோம். மின்சாரம் எந்த நேரம் வரும் என்ற அட்டவணையைப் பார்த்து, உருட்டுவதையும் காயவைப்பதையும் அந்த நேரத்துக்குத் தள்ளினோம். காலைக் கொழுந்து நிறுக்கும் நேரத்தை ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்தோம். டொலர் ஏறியதால் ஏலத்தில் ரூபாக் கணக்கில் விலையும் ஏறியிருந்த காலம் அது, நல்ல தூள் வைத்திருந்தவர்களுக்குக் காசு இருந்தது.

ஜூனில் தென்மேற்கு மழை இறங்கியதும் துரை துணிகளைக் கழற்றச் சொல்லிவிட்டார். ஈரக்காற்றில் கொழுந்து வாடாது, பூஞ்சணம் பிடிக்கும். எனக்கு மனசில்லை. அவ்வளவு பாடுபட்டுக் கட்டினோமே என்று இருந்தது. அவருக்கு அந்த வருத்தம் கொஞ்சமும் இல்லை. மூன்று மாதத்துக்கு உதவியது, இனி உதவாது, கழற்று. தான் கொண்டுவந்த புதுமையை இவ்வளவு சுலபமாகக் கைவிட்ட முகாமையாளரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பெரும்பாலானவர்கள் சொந்த யோசனையைப் பிள்ளை மாதிரி கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். அது தோற்றால் தாங்களே தோற்ற மாதிரி.

இங்கே ஒரு சின்ன விஷயத்தையும் சொல்லவேண்டும். நிறுக்கிற இடத்துக்கு டிஜிட்டல் தராசு வந்தபோது தோட்டம் முழுக்க முணுமுணுப்பு. பழைய தராசிலாவது முள் ஆடுவது தெரியும், இதில் என்ன தெரிகிறது என்றார்கள். தண்ணீர்க் கழிவு, பைக் கழிவு என்று கிலோ குறைப்பதில் தலைமுறை தலைமுறையாகக் காயம் உண்டு, அந்தச் சந்தேகம் சும்மா வந்ததல்ல. எண் காட்டும் முகம் கணக்கெழுதுபவர் பக்கம் திரும்பியிருந்தது. ஒரு கங்காணி அக்கா வந்து, "ஐயா, அத இந்தப் பக்கம் திருப்பி வச்சா என்ன?" என்று கேட்டார். திருப்பி வைத்தோம். அன்றையிலிருந்து முணுமுணுப்பு நின்றது. தராசு வாங்கியது பெரிய முதலீடு, திருப்பி வைத்ததற்கு ஒரு சதம் செலவில்லை. எங்கள் தோட்டத்தில் நடந்த உண்மையான மாற்றம் எது என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

*

தோட்டத் துரைமார் புதுமைக்குப் பயப்படுகிறார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் காலம் எவ்வளவு என்று பார்க்கவேண்டும். 1992இல் தோட்டங்களின் நிருவாகம் தனியாரிடம் போனது. குத்தகை 53 வருடம், 2045இல் முடிகிறது. ஒரு மலையைப் பிடுங்கிப் புதுத் தேயிலை வைப்பதென்றால் முதலில் குவாத்தமாலாப் புல் போட்டு ஒன்றரை, இரண்டு வருடம் மண்ணைத் தேற்றவேண்டும். பிறகு கன்று நட்டு, அது ஒழுங்காகக் கொழுந்து கொடுக்க இன்னும் சில வருடம். போட்ட காசு திரும்பி வரும்போது குத்தகை முடிவு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வந்துவிடும். துரைக்கோ மூன்று நாலு வருடத்தில் மாற்றம் வந்துவிடும். நல்லது நடந்தால் பெயர் அடுத்தவருக்கு, கெட்டது நடந்தால் பழி இவருக்கு. இந்த நிலையில் நூறு வருடச் செடியையே இன்னும் நாலு வருடம் ஒப்பேற்றுவோம் என்று ஒருவர் முடிவெடுத்தால், அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்திய ஏற்பாட்டைப் பற்றித்தான் எனக்குக் கோபம்.

நிர்ப்பந்தம் வந்தால் எல்லாம் நடக்கும் என்பதும் உண்மைதான். கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. கூவிக் கூவித்தான் விற்றார்கள். இணையத்துக்கு மாற்றுவது பற்றிய பேச்சு வருடக்கணக்கில் இழுத்தது. 2020இல் கொரோனா ஊரடங்கு வந்து மண்டபத்தில் கூட முடியாது என்றானதும், ஏப்ரலில் இணைய ஏலம் நடந்தே விட்டது. ஆனால் நெருக்கடிதான் புதுமையின் தாய் என்று இதை வைத்துச் சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. முன்னாலேயே யாரோ யோசித்து, வாதாடி, ஒரு மூலையில் வைத்திருந்தது அன்று கைக்கு வந்தது. லூல்கந்துரயின் 19 ஏக்கர் மாதிரி, எங்கள் மேல்மாடியின் ஆணிகள் மாதிரி.

*

2023இல் அதே கொழுந்து இயந்திரம் மறுபடியும் வந்தது. இந்த முறை துரை அதை நேரே மலைக்கு அனுப்பவில்லை. லயத்து முற்றத்தில் இறக்கி வைத்து, கங்காணிமாரையும் கொழுந்து எடுக்கும் அக்காமாரையும் தொட்டு, தூக்கிப் பார்க்கச் சொன்னார். எந்த மலையில் ஓட்டலாம் என்று அவர்களைக் கேட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கேள்வி தங்களுக்குத்தானா என்ற சந்தேகம்.

2018இல் ஏழாம் நம்பர் மலையில் நின்ற ஓர் அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர். "தம்பி, அன்னைக்கே கேட்டிருந்தா சொல்லியிருப்போம். ஏழாம் நம்பர் ஆகாது. ஆத்தோரத்து வீ.பி. மலை போன வருஷந்தான் கவ்வாத்து வெட்டினது, மட்டம் பலகை மாதிரி இருக்கு. அங்க ஓட்டுங்க. அதுவும் மழை விட்டு இலை காஞ்ச பொறகு."

ஆற்றோரத்து மலையில் இரண்டு ஏக்கர் அளந்து கயிறு கட்டினோம். இரண்டு வாரம், அதற்கு மேல் இல்லை. அந்த இரண்டு வாரமும் அங்கே வழக்கமாக எடுக்கும் பதினாறு பேருக்கும், கிலோ என்னவாக இருந்தாலும் முழுப்பேர். பரீட்சைச் செலவில் முதல் வரியாக அதை எழுதினோம். மேலிடத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில், இயந்திரப் பரீட்சைக்கும் கைக்கொழுந்து எடுப்பவர்களின் சம்பளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். துரை விளக்கம் சொன்னார். அந்தப் பேச்சை நான் பக்கத்தில் நின்று கேட்டேன், அரை மணி நேரம் போயிருக்கும். கடைசியில் அனுமதி வந்தது.

இயந்திரம் ஆற்றோரத்தில் நன்றாகவே ஓடியது. முழுக்க இல்லை. ஓரத்து நிரைகளில் கத்தி கீழே இறங்கி வெட்டியது, அதைக் கையால்தான் எடுக்கவேண்டும் என்று அக்காமார் சொன்னதால் அப்படியே பிரித்துக்கொண்டோம். இப்போது பெருங்கொழுந்து வரும் ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் மூன்று வீ.பி. மலைகளில் ஓடுகிறது. நல்ல விலைப் பருவத்தில் கைக்கொழுந்துதான். இயந்திரம் பிடிப்பவர்களில் நாலு பேர் பெண்கள். அவர்களே கேட்டு வந்தவர்கள். முதல் இரண்டு நாள் தோள் வலியில் படுத்துவிட்டு, மூன்றாம் நாள் தோளில் மடித்துப் போடத் துண்டு கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். யார் பேரும் போகவில்லை என்றேன். "ம்" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி கேட்டார்.

*

போன மாதம் துரை மேசையில் ஒரு வரைபடத்தை விரித்துவைத்திருந்தார். ஏழாம் நம்பர் மலையின் அடிவாரத்தில், தேயிலை செத்துப்போன இரண்டு ஏக்கரில் கோப்பி போட்டுப் பார்க்கும் யோசனை. அரபிக்கா இந்த உயரத்தில் வரும். இலைத்துரு இன்றைக்கும் இருக்கிறது, ஆனால் அதைத் தாங்கும் இனங்களும் இருக்கின்றன. சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் உள்ளூர்க் கோப்பியைக் கேட்கிறார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முன் இந்த மலையை விட்டுப்போன பயிர் திரும்பி வருவதை நினைத்து எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அடுத்த நாள் பெரட்டில் விஷயத்தைச் சொன்னோம். பின்வரிசையிலிருந்து ஒரு பெண், மிஞ்சிப்போனால் முப்பது வயது இருக்கும், கையைத் தூக்கினார். "காய்க்க எத்தனை வருஷமுங்க சேர்?"

"மூணு வருஷம் ஆகும்மா."

"அதுவரைக்கும் அந்த ரெண்டு ஏக்கர்ல எங்க பேரு எப்படி விழும்?"

துரை உடனே பதில் சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து குறிப்புக் கொப்பியை எடுத்து அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, குழி வெட்டுவது, நிழல் மரம் நடுவது, புல்லு வெட்டுவது எல்லாவற்றுக்கும் வருடத்துக்கு எத்தனை பேர் வரும் என்று கணக்கெடுத்துக் கொடுக்கச் சொன்னார். நாலு தாள் ஆனது. இன்று ராத்திரி அதைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் வருடத்துக்கு 410 பேர் வருகிறது, இரண்டாம் வருடத்துக்கு இன்னும் பத்தவில்லை.